கோயிலில் சொன்னது

மரியநேசன் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போய்ப் பிணமாகக் கரை வந்து மூன்று வருடங்கள். அடக்கப் பூசையன்று, அவனைக் கூட்டிப்போன படகோட்டி ஜஸ்ரின் கோயிலுக்குள் வந்ததும், மரியநேசனின் மனைவி மெற்றில்டா எழுந்து நின்று அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

“என்ரை மனுசனைச் சாக்கொண்டது நீதான். வெளியில போ!”

ஜஸ்ரின் ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கிப் போனான். அதன்பிறகு அவன் பூசைக்கு வரவில்லை. அவனுடைய படகில் ஏற அவர்களுடைய ஊரான குருநகரில் ஆள் கிடைக்கவில்லை. படகை விற்றுவிட்டு, வேறு ஊர்க்காரரின் படகுகளில் கூலிக்குச் சுழியோடினான். போன மாசியில், ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனுடைய மனைவி பிள்ளைகளோடு மன்னாரிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மீன் சந்தையில் இதைக் கேட்ட மெற்றில்டாவுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருத்திக்கு மட்டும் சமைத்துப் பழகியிருந்தவள், மறுநாள் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

ஜஸ்ரின் வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே புண் நாற்றம். அவளைக் கண்டதும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“ஏனக்கா வந்தனீங்கள்? பாத்திட்டுப் போகவோ?”

அவள் அடுப்பை மூட்டினாள். தண்ணீரைச் சூடாக்கி, துணியை நனைத்து, கட்டிலடியில் முழந்தாளிட்டு அவனுடைய படுக்கைப் புண்ணைத் துடைத்தாள். தினமும் வந்து துடைத்தவளுக்கு நாலாம் நாள்தான் வாய் வந்தது.

“தம்பி, நான் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு விடிய அவர் தோள்மூட்டு நோகுதெண்டு சொன்னவர். முதல்நாள் சுழியோடின நோ. அந்த நோவோடை திரும்ப ஆழத்துக்கு இறங்கினால் ஆளைக் கொண்டுபோடும், இறங்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், ‘கடல் நல்லாயிருக்கேக்கை போயிட்டு வாங்கோ’ எண்டு நான்தான் அனுப்பினனான்.”

“தெரியும்.”

அவளுடைய கை நின்றது.

“அண்ணை படகிலை வைச்சுச் சொன்னவர், ‘மனுசி போகச் சொல்லிப்போட்டாள்’ எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். நானும் இறங்க விட்டனான்தானே.”

“பிறகேன் கோயிலிலை நீ வாய் திறக்கேல்லை?”

“புருசனைப் பறிகுடுத்து நிக்கிற மனுசிக்கு அதையும் சொல்லுறதோ அக்கா?”

மெற்றில்டா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடமாக ஊர் தனக்குக் காட்டிய இரக்கமெல்லாம் இவனுடைய மௌனத்தில் கிடைத்தது என்று அப்போதுதான் விளங்கியது. “என்னை மன்னிச்சுக்கொள் தம்பி” என்றாள்.

ஞாயிறு பூசை முடிவில் பாதரிடம் கேட்டு முன்னால் போய் நின்றாள். மைக்கைக் கிட்ட இழுத்தாள்.

“இந்த இடத்திலை நிண்டுதான் ஜஸ்ரினைக் கொலைகாரன் எண்டனான். அது பொய். நோவோடை இருந்த மனுசனைக் கடலுக்கு அனுப்பினது நான். அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. அவனிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். உங்களிட்டையும் கேக்கிறன்.”

யாரோ இருமினார்கள். அவள் வெளியே வந்தபோது பெண்கள் விலகி வழி விட்டார்கள். மரியநேசனின் தங்கை லவீனா, “என்ரை அண்ணையை நீயே அனுப்பிப்போட்டு, எங்களையும் அழ வைச்சாய் என்ன?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள்தான் மெற்றில்டாவின் வீட்டுக்கு வந்து போகும் ஒரே ஆள். அந்தக் கிழமை அவள் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. கோயிலில் மெற்றில்டா இருந்த வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

ஆனால் ஜஸ்ரின் வீட்டில் ஒருநாள் பழைய படகுக் கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தி, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மெற்றில்டாவைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் சோற்றுப் பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

“நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ அக்கா?” என்று ஜஸ்ரின் கேட்டான்.

மூன்று வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“இல்லைத் தம்பி” என்றாள்.

“அப்ப இருங்கோ.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.