எதிரெதிர் நாற்காலிகள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. என் தங்கை மகள் பொறியியல் படிக்கிறாள். நீர்மின் வடிவமைப்புப் போட்டி நடக்கும் இடத்திலிருந்து அழைத்து, "பெரியம்மா, எங்க சக்கரம் தண்ணிக்கு முதுகைக் காட்டுது" என்று விசும்பினாள். எனக்குச் சக்கரம் புரியவில்லை. முதுகைக் காட்டுவது புரிந்தது. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு அது போதும்.

2

தொடக்கம் ஒன்று: ஓடை சலசலத்தது. அவள் மனமும்...

(வேண்டாம். போட்டி நடப்பது கல்லூரிக் கூடத்தில். அங்கே இருப்பது பிளாஸ்டிக் தொட்டி.)

தொடக்கம் இரண்டு: ஒரு மேசை. இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம், எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடும் பையன். இருவருக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கப்போகும், விளிம்பில் கிண்ணங்கள் பதித்த சக்கரத்தை அவள் வரைகிறாள். அவன் அதற்கான பெட்டியையும், தண்ணீர் பீய்ச்சும் குழாயையும் வரைகிறான்.

"வலப்பக்கமா சுத்தணும்."

"சரி, வலப்பக்கம்."

எதிரெதிரே உட்கார வைத்தது நான்தான். நிமிர்ந்தால் கண்ணோடு கண் பட வேண்டாமா? (நிஜத்தில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.)

3

சக்கரம் சுழன்று அதோடு இணைத்த பல்பு எரிந்தால் அடுத்த சுற்று. எரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயிக்கும் அணியின் சக்கரம், மின்சாரமே பார்க்காத ஒரு மலைப் பள்ளிக்கூடத்தின் ஓடையில் சுழலும். அவளுக்கு அதுதான் கனவு.

மேசையெல்லாம் ஈரமாகுமே என்று அதுவரை சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் சோதித்திருந்தார்கள். கைக்கு எரிந்தது பல்பு. போட்டியன்று தண்ணீரைத் திறந்தால், அது கிண்ணங்களின் குழியில் விழாமல் முதுகில் பட்டுச் சிதறியது. சக்கரம் சோம்பேறியாகச் சுற்ற, பல்பு கண்ணே திறக்கவில்லை.

"வலப்பக்கம்னுதானே சொன்னேன்?"

"நானும் வலப்பக்கம்தான் வரைஞ்சேன்."

"எங்கேருந்து பாத்து?"

"என் நாற்காலியிலேருந்துதான்!"

ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயரெடுத்த தோழி குறுக்கே புகுந்தாள். "சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்களேன்."

"ஒட்டியாச்சு. ஒட்டச் சொன்னதே நீதாண்டி."

"கிழிஞ்சுது போ" என்றாள் வானொலி.

ஒரே வழிதான். பெட்டியின் மறுபக்கத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றலாம். பெட்டி விரிசல் விட்டால் எல்லாம் போச்சு.

4

இந்த இடத்தில்தான் அவள் என்னை அழைத்தாள். நான் கேட்டேன்: "அந்தப் பையன் எப்படிம்மா, நல்லவனா?"

"பெரியம்மா! டிரில்லு அவன் கையில இருக்கு. போடச் சொல்லவா வேண்டாமா?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பிறகு அவள் எடுக்கவேயில்லை.

எனக்கு ஒரே குழப்பம். அவள் சொன்னதும் சரி, அவன் வரைந்ததும் சரி. அப்படியானால் தப்பு யாருடையது? நாற்காலிகளைப் போட்ட...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

5

முடிவு ஒன்று: பல்பு எரிகிறது. அவன் அவளைப் பார்க்கிறான். (அவள் பார்ப்பது பல்பை. நான் என்ன செய்ய?)

முடிவு இரண்டு: பெட்டி விரிசல் விடுகிறது. "என் தப்பு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். (இதில்தான் காதல் அதிகம். ஆனால் பள்ளிக்கூடம் இருட்டிலேயே கிடக்கும்.)

இதற்குமேல் என்னால் முடிந்தது ஒன்றுதான். அவளை மேசையைச் சுற்றி நடக்க வைத்து அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். முதன்முறையாக இருவருக்கும் வலப்பக்கம் ஒன்றுதான்.

நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள். துளைக்கான புள்ளியை நீங்கள்தான் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: மேசைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?