பாற்பல்லில் ஒரு கோடு

ஆரபியின் முதற்பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலுபாண் என்ற மீன் பணிசுக்குள் போய்விட்டது. வாய்க்குள் கல் கடிபடுகிறது என்று பிள்ளை துப்பியதில், மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே அரிசிமணி அளவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. அம்மா மேனுகா அதை எடுத்துக் கழுவி, இரண்டு மாதமாகக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே காத்திருந்த சின்னப் போத்தலுக்குள் போட்டு மூடினாள். போத்தலில் பெயர் இல்லை. 'ஒ-114' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒ என்றால் ஒப்பீடு.

மேனுகா பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். பாடசாலைக்குப் பல் பார்க்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன துண்டுப் பிரசுரத்தில்தான் அந்த ஆய்வைப் பற்றிப் படித்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போது வைரசுத் தொற்றால் நெஞ்சு அடைபட்டு வைத்தியசாலையில் கிடந்த பிள்ளைகளின் பல், பிறகு மற்றப் பிள்ளைகளின் பல்லைவிடச் சுறுக்காகச் சூத்தையாகிறதா என்பது அவர்கள் தேடும் கேள்வி. அதற்கு நோய்ப்பட்ட பிள்ளைகளின் விழுந்த பல்லும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, நோய்ப்படாத பிள்ளைகளின் பல்லும் வேண்டும்.

ஆரபி நோய்ப்படாத பிள்ளை. அவளோடு இரட்டையாகப் பிறந்த சாம்பவி நோய்ப்பட்டவள். பிறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சாம்பவி போய்விட்டாள்.

"எங்கட பிள்ளைக்குத்தான் ஒண்டும் செய்யேலாமல் போச்சு. இனி வாற பிள்ளையளுக்காவது பிரயோசனப்படட்டும்" என்று சொல்லிப் படிவத்தை நிரப்பினாள் மேனுகா. முதல் வருடத்தில் கடும் நோய் ஏதும் இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். கீழே பிரியந்தன் கையெழுத்து வைத்தான். பேனாவைத் தாளில் ஊன்றியபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வைத்தான். அவனுக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. வாய்தா வாய்தாவாக வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு சொல் குறையாமல் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுகிறவன், வீட்டில் அவ்வளவாகக் கதைக்கமாட்டான். அந்தக் குணம் மேனுகாவுக்குப் பழகிவிட்டிருந்தது.

பல்லைக் கொடுத்து ஐந்து கிழமை கழித்து ஆய்வுக்குழுவிலிருந்து டொக்டர் நிப்லா அழைத்தார். பல்லை வெட்டிப் பார்த்தாயிற்று, விரும்பினால் வந்து பார்க்கலாம், ஒரு சின்னச் சந்தேகமும் கேட்க வேண்டியிருக்கிறது என்றார்.

சனிக்கிழமை மூவரும் வெள்ளவத்தையில் ரயில் ஏறினார்கள். ஆடி மாதத்துக் கடல் கலங்கிக் கிடந்தது. உப்புப் பனிப்புகாரில் வானமும் தண்ணீரும் எங்கே சேருகின்றன என்று தெரியவில்லை. ஆரபி ஜன்னலில் முகத்தை வைத்து, பல்லில்லாத இடைவெளிக்குள் நாக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பிரியந்தனுக்கு ரயில் நிலத்தை விட்டுவிட்டுப் புகாருக்குள் போவதுபோல இருந்தது. போகிற இடத்துக்குப் போய்ச் சேராமலே இருந்தால் நல்லது என்றும் இருந்தது. கோட்டையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள்.

ஆய்வுகூடம் என்பது ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இரண்டு அறைகள். கீழே தையல்கடை. மெஷின் ஓடும் சத்தம் பலகைத் தரையினூடாக மெல்ல மேலே ஏறிவந்தது. டொக்டர் நிப்லா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த பல்வைத்தியர். முப்பத்தைந்து வயதிருக்கும், நீலத் தலைத்துணிக்கு மேலே கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தார்.

"பல்ல ஒரு பிசினுக்குள்ள வச்சு இறுக்கி, தாள் மாதிரி மெல்லிசா அறுத்திருக்கிறோம். இப்ப பாருங்க" என்று நுண்நோக்கியில் இணைத்திருந்த திரையைத் திருப்பினார்.

திரையில் தெரிந்தது பல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பொன்னும் ஊதாவும் நீலமுமாக ஒளி அடுக்கடுக்காக விரிந்தது. அலை வடிந்துபோன மணலில் நுரை விட்டுப்போகும் வளைவுகள்போல, ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணில்லாத மெல்லிய கோடுகள்.

"இது எண்ட பல்லா?" என்றாள் ஆரபி.

"உங்கட பல்தான். இதுதான் பல்லுக்கு மேல இருக்கிற ஓடு, மிளிரி எண்டு சொல்லுவோம். அம்மாட வயித்துக்குள்ள இருக்கேக்கயே இது வளரத் தொடங்கிடும். ஒரு நாளைக்கு ஒரு கோடு. நீங்க நித்திரை கொண்டாலும் சரி, அழுதாலும் சரி, அது தன்ட பாட்டில கோடு போட்டுக்கொண்டே இருக்கும்."

திரையில் கொஞ்சம் தடித்த ஒரு கோட்டை நிப்லா காட்டினார். "இது பிறந்த நாள். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். அண்டைக்கு உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. வெளிச்சம், குளிர், காத்து."

மேனுகா திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். தன் பிள்ளை பிறந்த நாளை வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்குக் கனவுக்குள் நிற்பதுபோல இருந்திருக்க வேண்டும். கையைத் தூக்கியவள் திரையைத் தொடாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள். பிரியந்தன் கதவடியிலேயே நின்றான்.

நிப்லா படத்தை மெல்ல நகர்த்தினார். பொன்நிறக் கோடுகள் ஒரே சீராக ஓடிவந்தன. பிறகு ஓரிடத்தில் அவை நெருங்கி, மங்கி, கருமையாக ஒரு வரி விழுந்தது. அதைத் தாண்டி மறுபடி வெளிச்சம்.

"இதைத்தான் கேக்க நினைச்சேன்" என்றார் நிப்லா. "பிறந்த கோட்டில இருந்து எண்ணிக்கொண்டு வந்தா, நாப்பத்தஞ்சுக்கும் அம்பதுக்கும் இடையில. அந்த நாட்கள்ல பிள்ளைக்குக் கடுமையா ஏதும் வந்ததா? ஏன் கேக்கிறேன் எண்டா, இவவ நோய் வராத பிள்ளைகளுட லிஸ்ட்டில போட்டிருக்கிறோம்."

மேனுகா திரும்பவில்லை. "அது இவளுக்கில்லை டொக்டர். மற்றவளுக்கு. சாம்பவிக்கு. நான் ஒம்பது நாள் அவளோட ஆஸ்பத்திரி வோட்டில இருந்தனான். இவள் வீட்டில சுகமா இருந்தவள்."

"இது இவட பல்" என்றார் நிப்லா மெதுவாக. "கோடு எப்ப எண்டுதான் சொல்லும், என்ன நடந்தது எண்டு சொல்லாது. நோய் வருத்தமாயும் இருக்கலாம், நாலஞ்சு நாள் பால் சரியா இறங்காமல் விட்டும் இருக்கலாம். தாயப் பிரிஞ்சு இருந்ததும்..."

"வருத்தம்தான்" என்றான் பிரியந்தன்.

கீழே தையல் மெஷின் ஓடி ஓய்ந்தது. மேனுகா இப்போதுதான் திரும்பினாள். நிப்லா ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் பார்த்தார். "வாங்க மகள், அந்த அறையில முதலைப் பல் ஒண்டு இருக்குது, காட்டுறேன்" என்று ஆரபியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே மேனுகா ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் ரயிலிலும் கேட்கவில்லை. பம்பலப்பிட்டி வந்ததும், "இறங்குவம்" என்றாள். அங்கிருந்து கடலோர வீதியால் வெள்ளவத்தைக்கு நடந்தார்கள். ஆரபி முன்னால் துள்ளிக்கொண்டு போனாள். வலப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், அலை.

"சொல்லுங்கோ" என்றாள் மேனுகா.

நீதிமன்றத்தில் நிற்பதுபோல அவன் நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாம்பவியை அனுமதித்து மூன்றாம் நாள் ஆரபிக்கும் இருமல் தொடங்கியது. காய்ச்சல் இல்லை. ஆனால் பால் குடிக்கவில்லை, குடித்ததையும் கக்கினாள். ஒழுங்கைத் தெரு முகப்பில் கிளினிக் வைத்திருந்த டொக்டர் லோகேஸ்வரன் காலையும் மாலையும் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஒரு நிமிசத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். அறுபதைத் தொட்டால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்.

"நான் எண்ணிக்கொண்டே இருந்தனான். நெஞ்சில நிமித்தி வைச்சுக்கொண்டு, கதிரையில. அம்பத்தாறு, அம்பத்தெட்டு, அம்பத்தஞ்சு. பால் கரண்டியால துளித்துளியா. நீர் ஃபோன் எடுக்கேக்க எல்லாம் சுகம் எண்டு சொன்னன்."

"ஏன்?"

"உமக்கு அங்க ஒண்டின்ட கவலையே போதும் எண்டு."

ஒரு ரயில் அவர்களைக் கடந்து தெற்கே போனது. 

"கடைசி நாள்" என்றாள் மேனுகா. "நான் பத்து மணிக்கு எடுத்தனான், வாங்கோ எண்டு. நீங்கள் ஒரு மணிக்கு வந்தனீங்கள். அவள் பன்னெண்டு நாப்பதுக்குப் போயிட்டாள். எங்க நிண்டனீங்கள் எண்டு கேட்டன். பெரிய வீதியில சனம், வாகனம் அசையேல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"சனமில்லை."

"இல்லை. ஆரபிக்கு அம்பத்தொம்பது. கீழ்வீட்டு ஐறீன், பிள்ளையை நான் வைச்சிருக்கிறன் எண்டு கையை நீட்டினவ. எனக்குக் கொடுக்கேலாமல் போச்சு. கொஞ்சம் இறங்கட்டும், இறங்கின உடன போவம் எண்டு நிண்டனான். அம்பதுக்குக் கீழ வர ரெண்டரை மணித்தியாலம் பிடிச்சுது."

மேனுகா நின்றுவிட்டாள். கடலைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய சேலைத் தலைப்பு காற்றில் உப்பி அடங்கியது. பிரியந்தன் அழுகையை எதிர்பார்த்தான். வந்தது கோபம், மிக மெல்லிய குரலில்.

"ஏழு வருசம் ஆகப்போகுது. இந்த மனிசனுக்குப் பயம், சாவைப் பாக்கப் பயந்து வேணுமெண்டே பிந்தி வந்தவர் எண்டு நினைச்சுக்கொண்டு உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறன். என்னை அப்பிடி நினைக்க விட்டிட்டீங்கள்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"அண்டைக்குச் சொல்ல ஒரு நேரம் கிடைக்கேல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஸ்டமாய்ப் போச்சு. ஆரபியைப் பாக்கேக்க எல்லாம் உமக்கு அது ஞாபகம் வந்தால் எண்டும் பயம். இவளால நான் அவளிட்ட வரேல்லை எண்டு."

அவள் கொஞ்ச தூரம் தனியாக நடந்தாள். அவன் பின்னால் போனான். ஆரபி வீதியோரத்துக் கல்லொன்றில் ஏறி நின்று இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கையசைத்தார்கள்.

"நீங்கள் அண்டைக்கே ஃபோனில சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன்?" என்று மேனுகா கேட்டாள். அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்கொன்றைத் தனக்குள் போட்டுப் பார்க்கிறவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு தானே சொன்னாள். "ஓடி வந்திருப்பன். இவளைப் பாக்க. அவளை நேர்ஸ்மாரிட்ட விட்டிட்டு வந்திருப்பன்."

பிரியந்தன் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

"அவள் தனியப் போயிருப்பாள்" என்றாள்.

அன்று வீட்டில் சமைக்கவில்லை. கடையில் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த மூன்று நாளும் மேனுகா அவனோடு தேவைக்குமட்டும் கதைத்தாள். அவன் அதை எதிர்த்துக் கேட்கவில்லை. நாலாம் நாள் பாடசாலை விட்டதும் அவள் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போய், படிவத்தில் 'இல்லை' என்று தான் எழுதியதை வெட்டிவிட்டு, நாள் தவறாமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். லோகேஸ்வரன் டொக்டரின் கிளினிக்கில் பழைய அட்டை இன்னும் இருந்தது. அதன் பிரதியையும் இணைத்தாள். வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டில் நோய்ப்பட்ட பிள்ளைகளையும் இனித் தனியாகக் கேட்டு எழுத வேண்டும், இவ்வளவு நாளும் அவர்களைச் சுகமானவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நிப்லா சொன்னாராம். படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டப்போகிறார்களாம். மேனுகா வந்து இதைச் சொன்னபோது சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாலு நாளில் அவள் அவனிடம் சொன்ன முதல் நீளமான பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். நேரம் காலம் இல்லை. பயற்றங்காய் முறித்துக்கொண்டிருக்கும்போது, "எந்தக் கதிரை?" என்பாள். ஆரபியின் கொப்பிக்கு உறை போடும்போது, "மழை பெய்ததோ அந்த நாட்கள்ல?" என்பாள். அவன் சொல்வான். பிரம்புக் கதிரை. இரண்டாம் நாள்தான் மழை. ஐறீன் கதவடியில் சூப் வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலும் ஆறிப்போனதைத்தான் குடித்தேன். சொல்லச் சொல்ல, தனக்கு மறந்துபோனதென்று நினைத்திருந்தவையும் தாமாக மேலே வந்தன. அந்த நாட்கள் அவ்வளவு பெரியவை என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்சம் இருந்தது, ஒரு மணம் இருந்தது.

ஒருநாள் பின்னேரம், கடற்காற்றில் உடுப்புகள் ஆடிக்கொண்டிருந்த மொட்டைமாடியில், அவன்தான் கேட்டான். அதுவரை கேட்கத் துணியாதது.

"அவளைப் பற்றி நீரும் ஒண்டும் சொல்லேல்லை. அந்த ஒம்பது நாளும்."

மேனுகா கொடியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆறாம் நாள் விடிய" என்றாள். "மூக்கில குழாய். நான் சும்மா ஏதோ கதைச்சுக்கொண்டு இருந்தனான், உங்களைப் பற்றித்தான். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார், ரெண்டு பாசையில கதைப்பார் எண்டு. அவள் என்னைப் பாத்துச் சிரிச்சவள். சும்மா காத்தைப் பாத்துச் சிரிக்கிறதில்லை, என்னைப் பாத்து. முதல் தரம்."

அவன் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பிறகும் சிரிச்சவளோ?"

"ஓம். ரெண்டு தரம்" என்றாள் மேனுகா. "இருங்கோ, சொல்லுறன்."