தவளையின் நேரலை

இஸ்திரிப் பெட்டியின் முதுகில் போனைச் சாய்த்துவைத்துவிட்டுப் பெரியவள் பின்னால் நகர்ந்து பார்த்தாள். போனுக்குள் டிவி கோணலாகத் தெரிந்தது. டிவியில் தெரிந்த நீச்சல் குளத்தில் பாதிதான் இருந்தது. மறுபக்கம் அப்பாவின் கட்டில் கால் உள்ளே நுழைந்திருந்தது. பெட்டிக்கு அடியில் துண்டை மடித்துச் செருகினாள். குளம் முழுசாக வந்தது. கட்டில் காலும் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் என்றுதான் நர்சம்மா சொன்னாள். காலை ஊசிக்குப் பிறகு கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் மேடேறும் வண்டி மாதிரி இழுத்து இழுத்து வந்தது. கிளம்பும்போது நர்சம்மா வாசலில் நின்று தணிந்த குரலில் சொல்லியிருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ. நடுவில் கொஞ்ச நேரம் தெளியலாம், தெளியாமலும் போகலாம்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பெரியவள் அல்லாடிக்கொண்டிருந்தாள். தங்கை எண்ணூறு மீட்டர் நீச்சலின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். விமானம் ஏறிப் போகவேண்டிய ஊரில் போட்டி. அவள் நீந்தும்போது அப்பா தூங்கினால், விழிக்கும்போது காட்ட ஒரு பதிவு வேண்டும்.

நடக்கப் பழகும் முன்பே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து சிரித்தவள் சின்னவள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவள் தவளை. அவர் லிப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் அஞ்சாமல் இறங்கியவருக்குத் தண்ணீர் என்றால் கணுக்காலோடு சரி. ஆனாலும் அம்மா போன பிறகு, விடியுமுன் எழுந்து சின்னவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கரையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த முறை போகவே மாட்டேன் என்று அவள் அழிச்சாட்டியம் பண்ணினாள். "நீ நீந்துறதப் பாத்துட்டுத்தான் போவேன். கிளம்பு" என்று அனுப்பிவைத்தார்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். கேபிளைத் துண்டித்தவளே பெரியவள். எல்லாம் நெட்டிலேயே வருகிறது, இந்த ஒயர் எதற்கு என்று போன வருஷம் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எது ஓடினாலும் பதிவாகும். அப்பாவுக்கு அது ஒன்றுதான் அத்துப்படி. புது ஆப்பில் நேரலை மட்டும்தான். இந்தப் போட்டிகளுக்கு மறுஒளிபரப்பு இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. போனிலேயே திரையைப் பதிந்து பார்த்தாள். சத்தம் வந்தது, படம் கன்னங்கரேல். கடையில் ஒரு பதிவுப் பெட்டி வாங்கி டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டினாள். அதிலும் கறுப்பு. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்து மயிரிழை பிசகாமல் பொருத்துகிறவளுக்கு இது மட்டும் பிடிகொடுக்கவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பழைய கேபிள்காரரைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு நாளைக்கு இணைப்புக் கிடைக்குமா என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒயரை எல்லாம் சுருட்டி எடைக்குப் போட்டாயிற்று, இப்போது தானும் நெட்தான் விற்பதாகச் சொன்னார். பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், எந்தப் பெட்டி வைத்தாலும் கறுப்பாகத்தான் வரும், பேசாமல் டிவிக்கு முன்னால் போனை வைத்துப் படம் பிடியுங்கள் என்றார். பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரே, "சரிம்மா, வைங்க" என்றார்.

வீராங்கனைகள் வந்து நின்றார்கள். சின்னவள் ஓரத்தில், எட்டாவது தடத்தில், கைகளை உதறிக்கொண்டிருந்தாள். பெரியவள் போனில் பதிவை அழுத்தினாள். ஒலி எழுந்ததும் எல்லோரும் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள்.

முதல் திருப்பம் முடிந்து கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மூச்சின் இழுவை மாறியது.

"பெரிசு."

திரும்பினாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. பல நாளாக அந்தக் கண்களில் இல்லாத தெளிவு.

"ஆரம்பிச்சிடுச்சா?"

"இப்பதாம்ப்பா. ஓரத்துல பாருங்க, உங்க தவளை."

கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு பறவையைத் தூக்கியது போலத்தான் இருந்தது. அவர் உதடுகள் அசைந்தன. சின்னவளின் கை விழும்போதெல்லாம் அவர் விரலும் போர்வைமேல் லேசாக அசைந்தது. அவள் திரும்பவேண்டிய சுவரை நெருங்கினாள். படம் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

பெரியவள் காத்திருந்தாள். வட்டம் சுழன்றது. அப்பாவைத் தலையணையில் இறக்கிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். நெட் பெட்டியை அணைத்துப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க முடியவில்லை. அதற்குள் அங்கே மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது? திரும்ப ஓடிவந்தாள். மூச்சு இருந்தது. வட்டமும் இருந்தது. போனை எடுத்து அதிலிருந்து நெட் கொடுக்கலாம். கொடுத்தால் பதிவு நின்றுபோகும். கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். டிவியின் மண்டையில் ஓங்கித் தட்டினாள்.

"அவ நின்னுட்டாளா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. படம்தான் நின்னிருக்கு. அவ போயிட்டே இருக்கா."

"மூச்சு வாங்குமே அவளுக்கு."

"வாங்காதுப்பா. நல்லா பழகியிருக்கா."

மறுபடி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்துவிடு, வந்துவிடு என்று அவள் மனதுக்குள் யாரிடமோ மன்றாடினாள். அப்பாவின் இமைகள் தாழ்ந்தன. ஏறின. மறுபடி தாழ்ந்தன.

போனின் உச்சியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சின்னவளின் கோச் அனுப்பியது. கடைசியாக வந்தாள், ரொம்ப அழுகிறாள், அப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

"என்னாச்சு?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"வந்துட்டாப்பா. முதல்ல வந்துட்டா."

"யாரு, தவளையா?"

"ஆமாப்பா."

அவள் தோளில் பதிந்திருந்த அவர் கன்னத்தில் ஏதோ தளர்ந்தது. சிரிப்பா என்று அவளால் பார்க்க முடியவில்லை. அவர் தலை அவள் கழுத்துக்கு அடியில் இருந்தது.

"அப்ப நீ ஏன் அழற?"

அவள் போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு மூச்சு வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். தோள் மரத்துப்போகும்வரை காத்திருந்தாள்.

டிவியில் படம் திரும்ப ஓடத் தொடங்கியபோது முன்பின் தெரியாத யாரோ கழுத்தில் பதக்கத்தோடு கையசைத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் வந்த நர்சம்மாதான் போன் இன்னும் பதிந்துகொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினாள்.

சின்னவள் மறுநாள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். அவளுக்காகத்தான் அப்பாவை எடுக்காமல் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், "அப்பா பாத்தாரா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பாத்தாரு. அப்புறம் நெட் போயிடுச்சு."

"பதிஞ்சியா?"

அழித்துவிட்டிருக்கலாம். நேற்றே பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தவள் அவள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அப்பாவின் கடைசிக் குரல் அதில்தான் இருந்தது.

"அதுல நான் ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றாள்.

"என்ன?"

பெரியவள் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு வழியாகக் குளத்தின் ஆரவாரம் கேட்டது. பிறகு அது அடங்கி, அப்பாவின் குரல். பிறகு தன் குரல். பெரியவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். மூடியபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டப் போனாள். தட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. சின்னவளின் கண்கள் வீங்கியிருந்தன. பயணப் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு சுருட்டிவைத்திருந்த நீச்சலுடையை எடுத்தாள். குளத்து மருந்து நெடி வீடெங்கும் பரவியது. குளியலறையில் அலசினாள். பால்கனிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள்.

"அக்கா, கிளிப் எங்க இருக்கு?"

பெரியவள் கிளிப் கொண்டுவந்து கொடுத்தாள். உடை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிடந்த வாளியை இழுத்து அதன் அடியில் வைத்தாள்.