லைன் உடையாது

...டோல்கேட் பக்கம் திரும்பினால் ஜெயவேல் தப்பித்துவிடுவான், எப்போதும் தப்பிக்கிறவன்தானே, இந்தத் தடவையும் சட்டை கசங்காமல் இறங்கிப் போய்விடுவான் என்று அஜீசா நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேன் திருவொற்றியூருக்குள் வந்துவிட்டது. டிரைவர் மணி வேகத்தைக் குறைத்து, "இன்னாக்கா, ஹார்பருக்கு டோல்கேட் வழியாதானே? ஜெயவேல் சார் அப்டிதான் சொல்லிக்கீறாரு" என்றான். முன் சீட்டில் இருந்தவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, நேற்று ராத்திரியே யோசித்து முடித்தாகிவிட்டது. "எக்ஸ்பிரஸ் ரோட்டப் புடி. பெரியவரு கடல் பாக்கணுமாம்." பெரியவர் அப்படி எதுவும் கேட்கவில்லை, பினாங்கிலிருந்து வந்தவர், அவர் பார்க்காத கடலா... மணி ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஹார்பர் லாரிங்க லைன் கட்டி நிக்கும்க்கா, உள்ள பூந்தா வெளிய வர முடியாது." நிற்கட்டும், நிற்கட்டும், இன்றைக்கு நிற்காமல் இருந்துவிடப் போகிறதே என்றுதான் அவளுக்குக் கவலை. ஸ்டீயரிங் கடல் பக்கம் திரும்பியது. பின்சீட்டில் ஜெயவேல் பேசிக்கொண்டே இருந்தான், பேச ஆரம்பித்தால் அவனுக்கு ரோடு கண்ணில் படாது.

பேச்சுக்கு என்ன குறைச்சல், நேற்று கிண்டி ஓட்டலில் நடந்த கூட்டத்திலும் பேச்சுதான். வட்டாரப் பொருளாதார ஒருங்கிணைப்பில் நகரங்களின் பங்கு என்று மேடையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு நகரம் செய்யும், ஒரு நகரம் சேர்த்து வைக்கும், ஒரு நகரம் வாங்கி அனுப்பும், வங்காள விரிகுடாவைச் சுற்றி இருக்கிற ஊரெல்லாம் ஒரே குடும்பமாகிவிடும், அந்தக் குடும்பத்துக்குச் சென்னைதான் தலைவாசல் என்று ஆளாளுக்கு அடித்துவிட்டார்கள். தலைவாசலாம்! அந்த வாசலில் லாரிக்காரன் ஒண்ணுக்குப் போக இடமில்லாமல் பகல் முழுக்க நிற்கிறானே, அதை எவனும் திரையில் போட்டுக் காட்டவில்லை. பினாங்குப் பெரியவர் மதார் சாகிப் மட்டும் முன்வரிசையில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கம்பெனிக்கு இங்கே ஒரு கூட்டாளி வேண்டும், ஒரகடம் பக்கம் செய்கிற கார் உதிரிப்பாகங்களை ஒரே இடத்தில் சேர்த்து, பெட்டியில் அடைத்து, பினாங்குக்கும் தாய்லாந்துக்கும் கப்பலேற்ற. மணலியில் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிற ஜெயவேலா, ஆந்திரக் கரையில் இருக்கிற வேறொருவனா என்று இன்றைக்கு விமானம் ஏறுவதற்குள் சொல்லிவிடுவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், யார்டில் ஏறின பெட்டி துறைமுக வாசலுக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும். "டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள போயிடும் சார்" என்றான் ஜெயவேல், கூச்சமே இல்லாமல். குடிக்கலாம், குடிக்கலாம், இன்றைக்கு எல்லாரும் சேர்ந்தே குடிக்கலாம்...

அவளை இந்த வேனில் ஏற்றிவிட்டது ராயபுரத்தில் அவள் வேலை பார்க்கிற கிளியரிங் ஆபீஸ் முதலாளி, இங்கிலீஷ் பேசுவாள், துறைமுகப் பேப்பரெல்லாம் அத்துப்படி என்று. காலையில் யார்டு வாசலில் ஜெயவேல்தான் அவளைப் பெரியவருக்கு அறிமுகம் செய்தான். "நம்ம தாவூது சம்சாரம் சார். தாவூது நம்மாண்ட லாரி ஓட்டினவன், தம்பி மாதிரி, பாவம் போயிட்டான். இவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி." எல்லாமே மாதிரிதான் அவனுக்கு. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குத் தேக்சா தேக்சாவாக பிரியாணி இறக்கினான், தொப்பி போட்டுக்கொண்டு தன் கையாலேயே பரிமாறினான், தெருவே மெச்சியது, முதலாளின்னா இப்டி இருக்கணும் என்று. அவளும் அன்றைக்கு அந்தச் சோற்றைத் தின்றாளே, தின்னத்தானே செய்தாள், அந்த நெய் வாசம் இன்னும் தொண்டையில் நிற்கிறது, துப்பவும் முடியவில்லை. தாவூது போய் மூணு வருஷம். இதே ரோட்டில், இதே லைனில், வண்டிக்குள்ளேயே போனான். நெஞ்சை அடைக்கிறது என்று முதலில் முதலாளிக்குத்தான் போன் போட்டிருக்கிறான். லைனில் நிற்கிற வண்டி வெளியே வந்தால் திரும்ப வாலுக்குத்தான் போக வேண்டும், அதனால் டிரைவர் இறங்குகிறான் என்றால் சீட்டில் உட்கார வேறொரு டிரைவர் வந்தாக வேண்டும், அதுதான் இந்த ரோட்டின் வழக்கம். ஜெயவேல் என்ன சொன்னான்? "வண்டிய விடாத, மாத்து டிரைவர் அனுப்பறேன்." அனுப்பினான், மாத்து டிரைவர் வந்து கதவைத் திறக்கும்போது தாவூது சீட்டிலேயே சாய்ந்திருந்தான், பக்கத்து லாரிக்காரர்கள் தூங்குகிறான் என்று நினைத்திருந்தார்கள். ஏன் ஆம்புலன்சுக்குச் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் அவன் சட்டையைப் பிடித்தபோது, "எப்டிம்மா வரும்? எவன் வழி உடுவான்? சாமியே வந்தாலும் அந்த லைன் உடையாதும்மா" என்று அழுதான். அழுதானே பாவி, கண்ணீரோடு அழுதான். எல்லாரும் அதையே சொன்னார்கள், அவளும் நம்பினாள், அவனைப் பாதியும் இந்த ரோட்டைப் பாதியும் வெறுக்கப் பழகிக்கொண்டாள்.

இதோ வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், நின்றுகொண்டிருந்தது. இரண்டு வரிசை, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பெட்டி பெட்டியாக, ஒரு டிரைவர் டயர் நிழலில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான், இன்னொருவன் வண்டிக்கு அடியில் ஈரத் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தான். மணி இடுக்கில் நுழைந்தான், பின்னால் ஒரு டிரெய்லர் வந்து ஒட்டிக்கொண்டது, முடிந்தது கதை. பேச்சு நின்றுபோனது. "டேய் மணி, டோல்கேட்டுதானடா சொன்னேன்?" "அக்காதான் சார்..." "இன்னாம்மா அஜீசா?" அவள் திரும்பவில்லை, கண்ணாடியில் அவன் நெற்றி தெரிந்தது, வேர்வை தெரிந்தது, அதுவே போதும். பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "ஏன்மா இவ்வளோ லோரி நிக்குது?" அவள் சொன்னாள், ஒன்றுவிடாமல் சொன்னாள், குரலில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று நிதானமாகச் சொன்னாள், காலையில் வந்து நிற்கிறவர்கள்தான் ஐயா, உள்ளே போக ராத்திரியும் ஆகலாம், விடியவும் செய்யலாம், நடுவில் வெளியே வந்தால் வாலுக்குப் போக வேண்டும். "இவங்க எப்பதான் வீட்டுக்குப் போவாங்க?" என்றார் அவர். ஜெயவேல் இங்கிலீஷில் என்னவோ ஆரம்பித்தான், இன்றைக்கு மட்டும் சார், ஏதோ சர்வர் பிரச்சினை சார்... பெரியவர் அவனைப் பார்க்கவில்லை, வெங்காயம் அரிகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு உன் பினாங்கு, போச்சு உன் தாய்லாந்து. அவளுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. இதனால் சென்னைக்கு வர வேண்டிய வேலை ஆந்திராவுக்குப் போகுமே, நாலு லாரிக்காரன் பிழைப்பும் சேர்ந்து போகுமே என்று ஒரு நினைப்பு வந்தது, போகட்டும், என் வீட்டுக்காரன் போனபோது எந்தச் சென்னை வந்து நின்றது...

ஜெயவேல் கதவைத் திறந்து இறங்கினான். ஓடப் போகிறானா? ஓடவில்லை, முன்னால் நின்ற லாரியின் கதவைக் கையால் தட்டினான், என்னவோ சொன்னான், டிரைவர் எட்டிப் பார்த்தான். உடனே இன்ஜின் உறுமியது. அந்த லாரி மணல் பக்கம் ஒடித்து ஒதுங்கியது. ஒதுங்கியதா, லைனை விட்டா? அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் இருந்ததும் ஒதுங்கியது, அதற்கும் முன்னால் இருந்தது, வெங்காயம் அரிந்தவன் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஏறி வண்டியை நகர்த்தினான், "ஒத்து, ஒத்து, வழி உடுப்பா" என்று லாரிக்கு லாரி குரல் ஓடியது. ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை. வேன் நகர்ந்தது. முதலில் ஒதுங்கினவன் ஜன்னலிலிருந்து குனிந்து அவளைத்தான் பார்த்தான், அவள் முகம் எப்படி இருந்ததோ, "உனக்காம்மா நெஞ்சு வலி? பயப்படாதம்மா, ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்டதான், போயிடலாம்" என்றான். அவன் பின்னால் வந்த லாரிகள் அவன் இடத்தை ஏற்கனவே அடைத்துக்கொண்டிருந்தன. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெஞ்சு வலி... அதைத்தான் சொன்னானா, தாவூதின் வலியை எடுத்தா... ஒரே ஒரு வார்த்தை, இவ்வளவுதானா, இவ்வளவுதான் இந்த லைனா? இந்த ரோட்டையா மூணு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், இந்த மனுஷர்களையா? பாதி பாதியாகப் பிரித்து வைத்திருந்த வெறுப்பு மொத்தமும் இப்போது ஒரு பக்கமாகச் சரிந்தது, அந்தக் கனம் அவளுக்கே தாங்கவில்லை. சொன்னால் திறக்கும் என்று அன்றைக்கும் இவனுக்குத் தெரியுமா, தெரிந்தேதான் சொல்லாமல் விட்டானா, இல்லை, தன் காசு சிக்கிக்கொண்ட இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியதா? எது பெரிய பாவம்? எதுவாக இருந்தாலும் தாவூது வழி கேட்கவில்லையே, பக்கத்து லாரிக்குக்கூடச் சொல்லவில்லையே, முதலாளி சொன்னார் என்று வண்டியைக் காத்துக்கொண்டு கிடந்தானே... ஜெயவேல் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா சார், நம்ம ஆளுங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." பெரியவர் முகம் மலர்ந்திருந்தது, ஒதுங்கி நின்ற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "நல்ல மக்கள். இப்படி மக்கள் இருக்கிற ஊர்ல தொழில் செய்யலாம்" என்றார், பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "அப்படி என்னம்மா சொன்னாரு, உடனே வழி விட்டாங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள், "வேன்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காரு ஐயா." பெரியவருக்குப் புரியவில்லை. மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெஞ்சு வலியா? யாருக்கு?" அஜீசா சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, ஜெயவேல் சொல்லட்டும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.