அப்பாவுக்கும் சொல்லாதது

பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்ப வண்ணார்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்தே மதுமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் புது லேப்டாப். சைபர் பாதுகாப்பு வேலைக்குச் சின்ன ஊர்ப் பெண்கள் வருவதே இல்லையென்று ஓர் அறக்கட்டளை அவளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. லேப்டாப்பும் அவர்கள் தந்ததுதான். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்கள். பாஸ்வேர்டைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது.

சொன்னவர்களுக்கு ஏரலில் அவள் வீடு தெரியாது. அவள் அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. தினமும் சாப்பாடு முடிந்ததும் அப்பா கோமதிசங்கர் அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். ஒளிக்க அவளிடம் ஒன்றுமில்லை, எரிச்சலைத் தவிர.

அன்று இரவும் அவர் கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"இதுக்கு என்னட்டி பாஸ்வேர்டு?"

"சொல்லக் கூடாதுப்பா."

"எங்கிட்டயுமா?"

"யாருகிட்டயும். சொன்னா அங்கன படிக்க விட மாட்டாவ. சொந்த வீட்டுலயே ரகசியம் காப்பாத்தத் தெரியாதவளுக்கு எவன் வேலை குடுப்பான்?"

அடுக்களையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா லேப்டாப்பை மூடினார். படிப்பு இத்தோடு சரி என்று நினைத்தாள். அவரோ அடுக்களைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த தன் போனை எடுத்துப் பைய அவளிடம் நீட்டினார்.

"அப்ப இதுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ஒங்கம்மைக்குத் தெரிய வேண்டாம்."

மதுமதி வாங்கவில்லை.

"நீங்களே போடுங்கப்பா. எனக்கும் தெரியக் கூடாது."

அவர் எழுத்தெழுத்தாகத் தேடி அழுத்தி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அவளுக்காக யாரும் அப்படித் திரும்பி நின்றதில்லை.