டேனியல் ஃபோர்ட்டுயினின் கோட்டு

"எங்கப்பாவைக் குட்டைன்னு எழுத நீ யாருடி?"

ஹெஸ்டர் ஆன்ட்டியின் குரல் எங்கள் சமையலறை வரை கேட்டது. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் அமையாது என்று நானும் கிளம்பினேன்.

மெரில், ஆன்ட்டியின் மகன் கிளைவுக்கு நிச்சயமானவள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. பெற்றவர்கள் இல்லை, கேப் டவுன் வாடகைக்கு வழியில்லை. ஆன்ட்டி வீட்டுக் கொல்லையிலிருக்கும் பலகை அறையில்தான் வாசம். கையைத் தூக்கினால் கூரை இடிக்கும். கழிப்பறைக்கும் ஆன்ட்டியின் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும்.

உலகப் போரில் சேர்ந்தவர்களையெல்லாம் பட்டாளம் உயரம் அளந்து எழுதி வைத்திருக்கிறது. சின்ன வயதில் தின்னக் கிடைத்தவன் வளர்ந்திருப்பான், கிடைக்காதவன் குறுகியிருப்பான். வெள்ளையர் படையையும் கலப்பினத்தாரான நம்மவர் படையையும் ஒப்பிட்டால் யார் எப்படி வளர்ந்தார்கள் என்று தெரியும். இதுதான் மெரிலின் வேலை. சிக்கல் என்னவென்றால், நம்மவர்களில் ஏகப்பட்ட பேர் கச்சிதமாக ஐந்தடி மூன்று அங்குலம். சேர்த்துக்கொள்ள அதுதான் குறைந்தபட்ச உயரம். ஆள் தேவைப்பட்ட அதிகாரி, குட்டையானவர்களுக்கும் அதையே எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தை மெரில் ஐந்தடி மூன்றுக்குக் கீழே வைத்துவிட்டாள். அதில் ஆன்ட்டியின் அப்பா டேனியலும் ஒருவர்.

"அப்படியே விட்டா, நாம பசியே அறியாதவங்கன்னு ஆயிடும் ஆன்ட்டி," என்றாள் மெரில்.

மாற்றாவிட்டால் டிசம்பரில் கல்யாணம் இல்லை என்றாள் ஆன்ட்டி.

கிளைவ் பாகு வழியும் கூக்சிஸ்டர் பலகாரத்தை மென்றபடி, "ஒருத்தர்தானே மெரில், விட்டுடேன்," என்றான்.

"ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும்."

ஆன்ட்டி விடுவிடுவென்று போய், அப்பா போட்டுக்கொண்டு திரும்பிய பட்டாளத்துக் கோட்டை எடுத்து வந்தாள். "போட்டுப் பாரு. உனக்குத் தொளதொளன்னு தொங்கும்."

மெரில் ஐந்தடிதான். போட்டாள். கை சரியாக மணிக்கட்டில் முடிந்தது. உதவியாக இருக்கட்டுமே என்று நானும் தோளை இழுத்துப் பார்த்தேன். தைத்தது போல இருந்தது.

கிளைவ் மெல்லுவதை நிறுத்தினான்.

"கம்பளிதானே," என்றாள் ஆன்ட்டி. "துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிடுச்சு."

தண்ணீரே படாத கோட்டு என்று ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவளே பீற்றிக்கொண்டதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

மெரில் மாற்றவில்லை. அதே டிசம்பரில் கிளைவ் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு பார்ல் நகரத்துக்குக் குடிபோனான். நெட்டையான பெண் என்று ஆன்ட்டி தெருவெல்லாம் சொன்னாள்.

மெரிலுக்குப் பட்டம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. இன்றும் அதே பலகை அறை, அதே ஆன்ட்டிக்கே வாடகை. கோட்டு இப்போது கழிப்பறைக் கதவில் தொங்குகிறது. அதை உரசாமல் அவள் உள்ளே போக முடியாது.