பூஜைக்கு வைத்த கன்சோல்

சரஸ்வதி பூஜைக்கு முன்பு வரை அந்தப் பழைய 386 கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. பூஜை முடிந்ததிலிருந்து திரையில் லாகின் கேட்டுவிட்டுக் கல்லாக நிற்கிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் விழவில்லை.

பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்தில் யூனிக்ஸ் அரங்கு திறப்பு. சீஃப் கெஸ்ட் அந்தக் கீபோர்டில் தன் பெயரைத் தட்ட வேண்டும். தட்டினால் எழுத்து விழ வேண்டும். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீலக்ஷ்மியின் கான்ட்ராக்ட் நாளையோடு முடிகிறது. நீட்டிப்பு உத்தரவு இயக்குநரின் கோப்பில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

"மிஷின் ஓடட்டும், ஒப்பு போடறேன்" என்று சொல்லிவிட்டார் இயக்குநர் ஆனந்தகிருஷ்ணன்.

அவள் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். சாலை பஜாரில் தேடிப் பிடித்துக் கீபோர்டு மாற்றினாள். யூனிக்ஸின் கர்னலை இருமுறை கம்பைல் செய்தாள். சீரியல் கேபிள் போட்டு லேப்டாப்பிலிருந்து நுழைந்தால் சிஸ்டம் படு சௌக்கியம். நேரே உட்கார்ந்து தட்டுகிற கன்சோலுக்கு மட்டும் காது கேட்கவில்லை. தொடக்கத்தில் ஏதாவது எச்சரிக்கை ஓடியிருந்தாலும், கிழட்டு மானிட்டர் சூடேறி வெளிச்சம் வருவதற்குள் அது ஓடி மறைந்திருக்கும்.

"இது ஏழாவது கீபோர்டாணு சேச்சி" என்றாள் அட்டெண்டர் ஜெஸி. "இனி ஹார்மோனியம் வெச்சு நோக்கலாம்."

பத்தரைக்கு ஆனந்தகிருஷ்ணன் வந்து, கையிலிருந்த கோப்பை மேஜைமேல் வைத்தார். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"டிரைவர் ப்ராப்ளமாக்கும், கேட்டியா? இந்த மாதிரி மிஷினோட நான் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். சத்தம் கேட்டே சொல்லுவேன். நீங்கள்லாம் கூகிள் பார்த்துப் படிச்ச கூட்டம்."

"ஆமா சார்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. பல்லைக் கடித்தது வெளியே கேட்டிருக்காது. கை சும்மா இருக்க மாட்டாமல், கேபினட்டின் முகப்பில் அவர் பூஜையன்று அப்பிய சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த பொருக்கு உதிர்ந்தது. அடியில் வட்டமாக ஒரு பூட்டு. பக்கத்தில் கீபோர்டு படம்.

சாவிக்கொத்து சுழன்றுகொண்டிருந்தது. அதில் குழல் மாதிரி குட்டையாக ஒரு சாவி.

"சார், அது எந்தச் சாவி?"

"இதா? பூஜைக்கு வெச்சதைப் பூஜையெடுப்பன்னிக்கு எழுதித் தொடங்கற வரைக்கும் யாரும் தொடப்படாதுன்னு நான்தான் பூட்டினேன். பெட்டியோட பூட்டாக்கும். என்ன இப்போ?"

அவள் கை நீட்டி வாங்கி, கீபோர்டு படம் போட்ட பூட்டில் விட்டுத் திருகினாள். தட்டினாள். எழுத்துகள் வரிசையாக விழுந்தன. ஜெஸி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஆனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "நான் சொல்லலை? டிரைவர்தான். என் மேற்பார்வையில சரியாச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடு."

"எழுதறேன் சார்."

வாசலில் கார்க்கதவு சாத்துகிற சத்தம். செண்டை மேளம் தொடங்கிவிட்டது. ஸ்ரீலக்ஷ்மி சாவியை மறுபடி எதிர்ப்பக்கம் திருகி உருவி, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"பூஜையெடுப்பு இன்னும் ஆகலையே சார்" என்று மேஜைமேல் இருந்த கோப்பில் நீட்டிப்பு உத்தரவைத் திறந்து பேனாவை நீட்டினாள். "முதல்ல நீங்க எழுதித் தொடங்குங்கோ."